பையை மாட்டிய கதவு

அவளைக் கம்பெனியில் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று எப்போதும் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். அதனால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். வாயால் வந்த பெயர் என்பது மற்றவர்கள் கட்சி.

முதுகில் மாட்டும் பைகளைத் தைக்கும் கம்பெனி அது. வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் சரக்கு. பைக்குள்ளே பச்சை இலை போட்ட ஒரு துணிச்சீட்டைத் தைப்பது கத்தரியின் வேலை. நல்ல பணியிடத்தில், நியாயமாக நடத்தப்படும் தொழிலாளர்கள் தைத்தது என்று அதில் எழுதியிருக்கிறதாம். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தி அர்த்தத்தைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசிக்காக வசவும் வாங்கினாள்.

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கணவனுக்கு முதுகு போனதும் வேலைக்கு வந்தவள். பிறகு, புருஷன் விட்டுப் போய்ப் பிறந்த வீட்டோடு வந்து தங்கிய நாத்தனாருக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். அதற்காக நன்றி எதிர்பார்க்கும் அளவுக்கு அவள் ஏமாளி இல்லை. எதிர்பார்க்காததும் நல்லதாகப் போயிற்று.

ஒருநாள், பை நாடாவின் நுனி பிரியாமலிருக்கச் சுடுகிற மின்கத்தி மேசையிலிருந்து நழுவி, தோள்பட்டைக்கு உள்ளே வைக்கும் நுரைப்பஞ்சுத் துண்டுகள் மேல் விழுந்தது. நுரை எரிந்தால் வருகிற புகையை ஒரு மடக்கு இழுத்தவர்கள் அடுத்த மடக்குக்குக் காத்திருக்க மாட்டார்கள். கூடம் முழுக்க முன்வாசலுக்கு ஓடியது. அந்த நெரிசலில் கத்தரி குப்புற விழுந்தாள். யாரோ அவள் கணுக்கால் மேல் ஏறி நின்று, அங்கிருந்து தாவி வெளியே போனார்கள். தீயை மணல் போட்டு அணைத்துவிட்டார்கள். கணுக்கால்தான் அணையவில்லை. பானை மாதிரி வீங்கிய காலுக்குக் கம்பெனி மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு களிம்பைத் தடவினார்கள். முறிந்த எலும்புக்குக் களிம்பு தடவுகிறவனை மருந்துப் பெட்டியின் பக்கமே விடக்கூடாது. எலும்பு கோணலாகக் கூடி, கத்தரி விந்தி நடக்கலானாள்.

ஏறி நின்றது நாத்தனார். பித்தளை வளையம் வைத்த செருப்பைக் கத்தரி கண்ணால் பார்த்தாள்.

"அந்தக் கூட்டத்துல யார் கால் எங்க இருந்துச்சுன்னு எனக்கெப்படி அண்ணி தெரியும்?" என்றாள் நாத்தனார்.

"எனக்குத் தெரியுமே. நான்தானே கீழே கிடந்தேன்."

அதற்குப்பின் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், இரண்டு பேரும் குத்திக்காட்டுவதற்கு மட்டுமே வாய் திறந்தார்கள்.

ஆனால் கத்தரியின் உண்மையான கோபம் நாத்தனார் மேல் இல்லை. அவள் தைக்கும் கடைசி வரிசைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. வெளியிலிருந்து பூட்டு. சுவருக்கு அடித்த பெயிண்டையே அதற்கும் அடித்திருந்தார்கள். அதன் மேல் பற்றவைத்திருந்த கொக்கிகளில் பெண்கள் சாப்பாட்டுப் பைகளை மாட்டிக்கொண்டார்கள். அது திறந்திருந்தால் அன்று யாரும் யார் மேலும் ஏறியிருக்க வேண்டாம்.

"பூட்டை எப்ப எடுப்பீங்க?" என்று அவள் சூப்பர்வைசரைக் கேட்காத வாரம் இல்லை. கழுத்தில் ஊதலோடு திரியும் அவருக்கு விசில் என்று பெயர்.

"திறந்து வெச்சா ஜிப்பு கட்டுக்கட்டா வெளிய போயிடும். நீ காவல் இருப்பியா?"

"நாங்க உள்ள வெந்தா ஜிப்பை யாருக்குத் தைப்பீங்க?"

"வாய், வாய்! அந்தக் கால் மாதிரி வாயும் கொஞ்சம் நொண்டக் கூடாதா?"

பைகளை வாங்கும் கம்பெனி ஆய்வுக்கு ஆள் அனுப்புகிறது என்று தெரிந்ததும் எல்லாம் தலைகீழானது. கழிப்பறையில் சோப்பு வந்தது. முகமூடி வந்தது. பின்கதவின் பூட்டு போனது. கதவில் 'அவசர வழி' என்று பலகை மாட்டி, சாப்பாட்டுப் பைகளை விசிலே எடுத்து ஓர் அலமாரியில் அடுக்கினார். அபாய மணி அடித்து ஒத்திகையும் பார்ப்பார்களாம். கடைசி வரிசையை அந்தக் கதவு வழியாக அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். ஆய்வன்று காலை மேனேஜர் கத்தரியைக் கூப்பிட்டுச் சிவப்புக் கைப்பட்டை ஒன்றைக் கொடுத்தார். குரைக்கிற வாய்க்கு ஓர் எலும்புத்துண்டு.

"மணி அடிச்சதும் 'இந்தப் பக்கம் வாங்க'ன்னு சத்தமா கூப்பிடு. உனக்குத்தான் சத்தத்துக்குப் பஞ்சமில்லையே."

"நாளைக்கும் திறந்திருக்குமா சார்?"

மேனேஜர் விசிலைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்குப் பொழப்பை இன்னைக்குப் பாரும்மா."

பதில் கிடைத்துவிட்டது. ஒத்திகை நல்லபடியாக முடிந்தால் சாயங்காலமே பூட்டு திரும்பிவரும். அடுத்த தீ வரும்போது இந்தக் காலோடு அவளால் முன்வாசல் வரை போக முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

நாத்தனார் பக்கத்து மெஷினிலிருந்து சீறினாள். "அண்ணி, எசகுபிசகா எதையாவது சொல்லி ஆர்டர் போச்சுன்னா உங்களைச் சும்மா விடமாட்டேன்."

"நான் வாயே திறக்கலை, போதுமா?"

ஆய்வுக்கு வந்த அம்மாள் நெட்டையாக, பேச்சில்லாதவராக இருந்தார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கடைசி வரிசையின் ஓரமாக வந்து நின்றார். மணி அடித்தது.

கத்தரி கதவருகே போய் நின்றாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இடைவேளையில் பெண்கள் கைப்பழக்கத்தில் பைகளை மறுபடி கொக்கிகளிலேயே மாட்டியிருந்தார்கள். பலகை பைகளுக்குப் பின்னால் போயிருந்தது. இப்போது கடைசி வரிசை முழுவதும் எழுந்து நேராகக் கதவிடம் ஓடிவந்தது. ஆளுக்கொரு பையை அதிலிருந்து உருவிக்கொண்டது. அப்படியே திரும்பி, கூடத்தின் நீளத்தையும் கடந்து, முன்வாசலுக்கு ஓடியது. நாத்தனார் பை கொக்கியில் சிக்கிக்கொண்டது. கதவைக் காலால் உதைத்துப் பையை இழுத்தாள். உதையில் கதவு ஒரு சாண் திறந்தே விட்டது. அதைப் பார்க்கக்கூட நிற்காமல் முன்வாசலுக்கு ஓடினாள்.

ஆய்வுக்கார அம்மாள், பைகள் போனபின் வெளியே தெரிந்த பலகையைப் படித்தார். பிறகு, "ஏன் யாருமே இந்த வழியா போகலை?" என்று கத்தரியைக் கேட்டார்.

"இது அவங்களுக்குப் பை மாட்டற சுவரு."

"தினமும் திறக்கறோம் மேடம்!" என்று மேனேஜர் ஓடிவந்தார். அம்மாள் கதவைத் தள்ளினார். பாதிக்கு மேல் போகவில்லை. வெளியே இடுப்பளவு புதர், அதன் மேல் கம்பெனிக் குப்பை. ஓர் ஆட்டுக்குட்டிகூட நடந்த தடம் இல்லை.

அவர் போனதும் விசில் பாய்ந்தார். "ஏண்டி கத்தலை?"

"தொண்டை கட்டிப்போச்சு."

கதவு சரியாகும் வரை சரக்கு வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் நிறுத்திவைத்தார்கள். வேலை இல்லாத அந்த நாட்களில் தெருவில் ஒருத்தியும் கத்தரியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் நாத்தனார் தன் அண்ணன் முன்னால் நின்று கத்தினாள். "உங்க பொண்டாட்டி எங்க எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டா!"

"அடிச்சாளோ மிதிச்சாளோ, ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க. முதுகு வலிக்குது," என்றான் அவன்.

புதரை வெட்டிச் சிமெண்டு போட்டார்கள். பூட்டு மாட்டும் கொண்டியை அறுத்தெடுத்து, உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும் கம்பியைப் பொருத்தினார்கள். கொக்கிகளும் போயின. வேலை மறுபடி தொடங்கிய அன்றே கத்தரியைத் தையலிலிருந்து எடுத்து, நாள் முழுக்க நின்றுகொண்டு நூல் வெட்டும் மேசையில் போட்டார் மேனேஜர். கோணல் காலுக்கு நிற்கும் வேலை என்றால் மாலையில் கால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் போட்டார். அவள் கிடைத்த ஒரு பலகைப்பெட்டி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெட்டினாள்.

ஆய்வுக்கார அம்மாள் மறுபடி வந்தார். மணி அடித்தது. கைப்பட்டை இப்போது நாத்தனார் கையில். அவள் போட்ட கூச்சலில் கடைசி வரிசை பின்கதவு வழியாக மடமடவென்று வெளியேறியது. கத்தரி எல்லோருக்கும் கடைசியாக விந்தி விந்தி வந்தாள்.

வெயிலில் இடுப்பில் கைவைத்து நின்ற நாத்தனார், "வந்துட்டாங்க மகாராணி. நெசமான தீயா இருந்தா இந்நேரம் கரிக்கட்டை," என்றாள்.

"இந்தத் தடவை என் மேல ஏறிப் போக ஆள் இல்லை பாரு. அதான் நடந்தே வந்தேன்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கத்தரி குனிந்து கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அதே கதவு வழியாக உள்ளே போனாள்.