துருத்தியில் ஒட்டிய மரச்சீனிப் பசை

போன வாரம் குழித்துறைச் சந்தை வழியாக வந்துகொண்டிருந்தேன். ஒருவன் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். அவன் வாளியிலிருந்து புளித்த மாவு வாடை மூக்கில் ஏறியதும் எங்கள் கோயில் ஆர்கன் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான்.

நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்த காலம். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் எப்போதோ சீமையிலிருந்து வரவழைத்த ஆர்கன் அது. கொல்லம் வரை கப்பல், அப்புறம் வள்ளம், கடைசியில் மாட்டுவண்டி என்று வந்து சேர்ந்ததாம். பெரிய குழல் கூரையைத் தொடும். பின்னால் ஒருவர் நின்று துருத்தியை அமுக்கினால்தான் பாடும். அதை வாசிக்கத் தெரியும் என்பதற்காகவே சபைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை கொடுத்தார்கள். கணக்குப் பாடத்தில் நான் எப்படி என்று என்னிடம் படித்தவர்களைக் கேட்டுவிடாதீர்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் துருத்தித் தோல் கிழிந்து, காற்று புஸ்ஸென்று போனது. ஆர்கனுக்குள் கை வைக்கச் சபைக் கமிட்டியின் அனுமதி வேண்டும். எனக்கு முன்னால் வாசித்தவரை, கேட்காமல் கை வைத்ததற்காக வேலையைவிட்டே அனுப்பியிருந்தார்கள். ஆனால் விடிந்தால் பண்டிகை. மனைவி தங்கத்திடம் பசை காய்ச்சச் சொன்னேன். அவள் அப்பா கோட்டாற்றில் புத்தகம் பைண்டு செய்கிறவர். தோல் துண்டுக்கு வீட்டில் பஞ்சமில்லை. மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவில் காய்ச்சித் தந்தாள். யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டேன்.

இரண்டு வருஷத்தில் ஆர்கனுக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. பழுது பார்க்க மதராஸிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துருத்தியைச் சுற்றி எலிப் புழுக்கையைப் பார்த்துவிட்டு, யாரோ உள்ளே மாவுப்பசை போட்டிருக்க வேண்டும், அந்த ருசிக்குத்தான் எலி வந்திருக்கும் என்று போதகரிடம் சொன்னார். மறுநாள் கமிட்டி முன்னால் பிரிப்பதாக ஏற்பாடு. என் வேலையும் போய்விடும் என்றே நினைத்தேன். தங்கத்துக்கு அப்போது ஏழு மாதம். பயந்துபோவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை.

பிரித்தார்கள். தோல் முழுக்க எலி கொறித்துச் சல்லடையாகக் கிடந்தது. நான் ஒட்டிய இடம் மட்டும் அப்படியே இருந்தது.

"இந்த ஒட்டு யார் போட்டது?" என்றார் பெரியவர்.

நான்தான் என்றேன்.

"பசையில நீலம் தெரியுது, மயில்துத்தம் கலந்திருக்கீங்க. விஷமாச்சே, எலி வாயே வைக்கலை. இதை நான் பிரிக்கப் போறதில்லை."

துத்தம் கலந்தது எனக்கே தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன். போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தங்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"பின்ன, பைண்டுக்காரன் மவ துத்தம் போடாம பசை காய்ச்சுவாளா? நீங்க கேக்கவே இல்லியே" என்றாள்.

மூன்று மாதம் கழித்து, வேலை முடிந்து ஆர்கன் பாடிய முதல் ஞாயிறன்று போதகர் பிரசங்க மேடையில் என் புத்தியைப் புகழ்ந்தார். பெண்கள் பக்கத்தில், மடியில் குழந்தையோடு தங்கம் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அந்த இடத்தில் கரண்டில் பாடும் கீபோர்டு நிற்கிறது. குழல்களையெல்லாம் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் கமிட்டியில் ஒருவரும் இல்லை. தங்கமும் போய்விட்டாள். துத்தம் போட்டது அவள்தான் என்று சபையில் சொல்ல எனக்கு எத்தனையோ ஞாயிறுகள் இருந்தன. உங்களிடமாவது சொல்லிவிட்டேன், மனசு லேசாக இருக்கிறது. அவள் இருந்திருந்தால், "இப்பமாவது சொன்னியளே" என்றிருப்பாள்.