அலை இல்லாத கடலில் சகாயம்

என் சித்தி மகள் மரியபுஷ்பத்தின் மூன்றாவது மகன் சகாயம். அவனுடைய அப்பா சூசைமிக்கேல், மண்டைக்காட்டுக்கு மேற்கே எங்கள் கரையில் வள்ளம் வைத்திருந்தவர். நாலு தலைமுறையாக அந்தக் குடும்பத்து ஆண்கள் கயிறு பிடிக்கிறவர்கள். வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது முன்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் ஒருத்தர் நிற்பார். பெரிய அலை மூன்று அடுத்தடுத்து வரும். பிறகு கடல் கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த நேரம் பார்த்துக் கயிற்றை விட வேண்டும். எண்ணிக்கை தப்பினால் வள்ளம் கவிழ்ந்துவிடும்.

சூசைமிக்கேல் ஒரு ஆடி மாதத்தில் அப்படித்தான் போனார். அன்றைக்குக் கயிறு பிடித்தவன் வேறொருவன். கரையில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தானாம். அதிலிருந்து மரியபுஷ்பம் பிள்ளைகளுக்கு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள், தண்ணீரில் நிற்கும்போது கடலுக்கு முதுகு காட்டக் கூடாது என்று.

சகாயம் இருபது வருஷம் கயிறு பிடித்தான். ஒரு புயலில் வள்ளம் இரண்டாகப் போனது. நெய்யூர்க்காரன் ஜெபிஷ் அவனுடைய சிநேகிதன். உல்லாசக் கப்பலில் சமையல் வேலை. அவன்தான் சகாயத்தையும் கூட்டிக்கொண்டு போனான். பன்னிரண்டு மாடிக் கப்பல் அது. சகாயத்துக்குக் கிடைத்தது அடித்தட்டில் அண்டா தேய்க்கிற வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. இரண்டு வருஷம் கடல்மேலேயே இருந்தும் அவன் கடலைக் கண்ணால் கண்ட நாட்கள் கொஞ்சம். வெயில் படாமல் கை வெளுத்துப்போனது என்று அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் அவனைப் படகுக் கூட்டத்துக்கு எடுத்தார்கள். சின்னத் துறைகளில் பெரிய கப்பல் அணைய முடியாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். சகாயத்துக்கு முன்கயிற்று வேலை. இரண்டு மாதம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் மேலே வெளிச்சத்தில் வேலை. இல்லையென்றால் மறுபடியும் அண்டா.

அதுவரை போன துறைகளிலெல்லாம் சின்னதாகவாவது அலை இருந்தது, அவனுடைய எண்ணிக்கை தப்பவில்லை. அந்த இரண்டு மாதத்தின் கடைசி நாளில் கப்பல் நார்வே நாட்டில், கடல் உள்ளே புகுந்து கிடக்கிற ஒரு மலையிடுக்குக்குள் நுழைந்தது. விடிந்து சகாயம் மேல்தட்டுக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். எங்கள் பக்கத்துக் கீரிப்பாறை மலையைப் போல நாலு மலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கள் கடலுக்கு நடுவில் நட்டதுபோல இருந்ததாம். இரண்டு பக்கமும் பாறை, உச்சியில் பனி. பார்த்த இடத்திலெல்லாம் வெள்ளை நூல்போல அருவி. முப்பத்தொன்று வரை எண்ணியவன் அதற்குமேல் விட்டுவிட்டான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீருக்குச் சத்தமில்லை. கடலுக்கும் சத்தமில்லை. பிறந்ததிலிருந்து தூக்கத்தில்கூட அலைச்சத்தம் கேட்டவன் அவன். ஏதோ கோவிலுக்குள் செருப்போடு வந்துவிட்டதுபோல இருந்தது என்று சொன்னான்.

மலை அடிவாரத்தில் ஊர். நாற்பது வீடு இருக்கும், கூரையெல்லாம் புல் முளைத்துக் கிடக்கிறது. மரத்தில் கட்டின ஒரு வேதக்கோவில், ஒரு கடை, ஒரு சின்னத் துறை. மொத்த ஊரையும் கப்பலில் ஏற்றினாலும் ஒரு தட்டு நிறையாது.

முதல் நடையில் நூறு பேரைக் கரையில் இறக்கியாயிற்று. படகு திரும்ப வேண்டும். ஓட்டுகிறவன் தயார். சகாயம் துறையின் கடைசிப் படியில் கயிற்றோடு நிற்கிறான். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. பெரிய அலை மூன்றும் வந்து போகட்டும் என்று அவனுடைய கை காத்திருக்கிறது. அலை எங்கே வருகிறது? ஓட்டுகிறவன் ஹார்ன் அடித்தான். கை விடவில்லை. பிறகு ஓட்டுகிறவனே இறங்கிவந்து கயிற்றைப் பிடுங்கினான்.

இரண்டாம் நடையிலும் அதே கதை. கப்பலில் வரிசை நீண்டுகொண்டே போனது. மேலே நின்ற அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நடை பார்ப்பேன், அப்புறம் சமையல்கட்டுதான் என்று சொல்லிவிட்டார்.

காற்று வாங்க மேல்தட்டுக்கு வந்த ஜெபிஷ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். படகு கப்பலோடு அணைந்ததும் மேலிருந்து குரல் கொடுத்தான்.

"லே சகாயம், அலையே இல்லாத இடத்துல எதைலே எண்ணுத? மீனையா?"

"எண்ணல மக்கா. கைதான் விடமாட்டேங்கு."

"அப்போ நாளைக்கு எங்கூட வந்து அண்டா தேய்ச்சுக்கோ. எனக்கும் பேச்சுத்துணை ஆச்சு."

மூன்றாம் நடை. ஆட்கள் இறங்கினார்கள். சகாயம் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தான். பார்க்கிறவரைக்கும் கை விடாது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அப்பனைக் கொண்டுபோன கடலைப் பார்த்தே பழகின கண். அவன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, கரையில் நாங்கள் செய்வதுபோல நெற்றியில் சிலுவை போட்டான். மிச்சத்தை வாயில் வைத்தான். ஐஸ் மாதிரி குளிர், உப்பே தெரியவில்லை. பிறகு திரும்பி நின்றான். முதுகு கடலுக்கு, முகம் மலைக்கு.

நேர் எதிரே பெரிய அருவி. உச்சியில் புறப்பட்ட தண்ணீர் பாதி வழியிலேயே புகையாகி, காற்றில் ஒருமுறை விலகி, மறுபடி கூடிக் கீழே வந்தது. இத்தனை பெரிய ஒன்றைச் செய்த கை தன்னையும் பிடித்துக்கொண்டிருக்கிறதென்று அவனுக்குத் தோன்றியதாம். ஹார்ன் அடித்தது. கயிறு கையிலிருந்து தானாக நழுவியது. துள்ளிப் படகில் ஏறினான். அதன்பிறகு சாயங்காலம் வரைக்கும் ஒன்பது நடை, ஒன்றிலும் சுணக்கம் இல்லை. அதிகாரி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

வேலை உறுதியானதைச் சொல்ல அன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். முதுகு காட்டியதை அவன் சொன்னதும் மரியபுஷ்பம் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

"தண்ணிய வாயில வச்சியா மக்கா?"

"வச்சேம்மா."

"உப்பு இருந்துதா?"

"இல்லம்மா."

"அப்போ அது கடலில்ல, ஆறு. ஆத்துக்கு முதுகு காட்டினா குத்தமில்ல. நீ போய் சாப்பிடு."

மூன்று மாதம் கழித்து லீவுக்கு வந்தவன், அந்தத் தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தான். மரியபுஷ்பம் ஒரு துளி நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறுதான்" என்று சொல்லிவிட்டு மூடியை இறுக்கி, மாதா படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் அடுக்களைக்குப் போன பிறகு நானும் ஒரு துளி வைத்துப் பார்த்தேன். குளிரில் மரத்த சகாயத்தின் நாக்குக்கு அன்றைக்குத் தெரிந்திருக்காது. லேசாக உப்பு இருந்தது.