கறையான் அரிக்காத கொப்பிகள்

யோகா போய்விட்டாள் என்று அவளுடைய தம்பி நோர்வேயிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தது. "அன்ரி, அக்கா விடிய போயிட்டா. நோய் கூடிப்போச்சு, உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ." நான் போனை வைத்தேன், இடியப்பத்தை இறக்கினேன், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். அந்த நடை இன்னும் நிற்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்த யோகா, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பக்க அறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவள். போன ஞாயிறு கொட்டாஞ்சேனையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் அவளோடு படிப்பித்த ஒருவர், "நாலு மாத உழைப்பைக் கறையான் தின்ற பிறகும் முதலிலிருந்து தொடங்கியவர்" என்று பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடமும் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தட்டும்; விஷயத்தைத் திருத்த விடமாட்டேன்.

அவள் பகலில் கம்பியூட்டரில் செய்த கணக்கை மாலையில் என் சாப்பாட்டு மேசையில் கொப்பியில் கையால் எழுதிச் சரிபார்ப்பாள். அது மேகத்தைப் பற்றிய கணக்கு என்று அவள் சொல்ல, ஒருநாள் கேட்டேன்: "என்ன பிள்ளை, மேகத்துக்கும் கணக்கோ?"

"ஓம் அன்ரி. துருவத்தில வெயில் வராத மாசங்கள்ல, மழை மேகத்துக்கு எவ்வளவோ மேல, ஒரு மேகம் வரும். பாக்க நல்ல வடிவு. ஆனா அதாலதான் எங்களுக்குக் குடை பிடிக்கிற ஓசோன் அழியுது. அதில இருக்கிற துகள்ல அமில ஆவி உறைஞ்சு ஒட்டும். ஒட்ட ஒட்டப் பெருக்கும். பாரம் கூடினா இறங்கும். எப்ப பெருக்கும், என்ன வேகத்தில இறங்கும் எண்டதுதான் என்ர கணக்கு."

"பந்தியில ஆள் குறைஞ்சா ஆளுக்குச் சாப்பாடு கூடத்தானே? துகளுக்கும் அப்பிடியோ?"

அவள் மேசையில் அடித்துச் சிரித்தாள். "அதேதான்! துகள் குறைஞ்ச இடத்தில ஒவ்வொண்டும் கொழுக்கும், கெதியா விழும். கொழுத்தது ஒரு நாளில ஒரு மைல் இறங்கும். மெலிஞ்சதுக்கு மாசக் கணக்கு. அன்ரி, இதை என்னட்டைப் படிக்கிற பெடியளுக்குச் சொல்லப் போறன்." சொன்னாளாம். எனக்கு அந்தப் பெருமை இன்றும் உண்டு.

அன்றிலிருந்து, நானும் வாசிக்கட்டும் என்று, கொப்பியில் தலைப்புகளைத் தமிழில் எழுதினாள். உயரம். விழும் வேகம். விழும் நேரம். என் கெட்ட காலம் அங்கேதான் தொடங்கியது.

ஒரு காலை எங்கள் லேனை ஆமி சுற்றிவளைத்தது. யோகா கம்பஸ் போய்விட்டாள். "அம்மா, ஆமி மூலை வீட்டில நிக்குது" என்று மகன் ஓடி வந்தான். நான் அவளுடைய அறைக்குள் போய் அங்கிருந்த மூன்று கொப்பிகளில் ஒன்றை விரித்தேன். உயரம், விழும் வேகம், விழும் நேரம். அடுத்த பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம், நடுவில் ஒரு புள்ளி. அது துருவம் என்று எனக்குத் தெரியும். வருகிறவனுக்குத் தெரியுமா? தமிழ் வாசிக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். அந்த நாட்களில் வானத்திலிருந்து விழுவது என்றால் குண்டு ஒன்றுதான். மூன்று கொப்பிகளையும் அடுப்பில் வைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். "மே காமரே கவுத இன்னே?" இந்த அறையில் யார் இருப்பது என்று சிங்களத்தில் கேட்டார்கள். "டீச்சர்" என்றேன். அவள் இங்கே தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள், கட்டிலுக்குக் கீழே குனிந்தார்கள், போய்விட்டார்கள். ஒரு கடுதாசியைக்கூடத் தொடவில்லை.

பின்னேரம் அவள் வந்தாள். "அன்ரி, என்ர கொப்பியள் எங்கை?"

"கறையான் பிடிச்சிட்டுது பிள்ளை. குப்பையில போட்டிட்டன்."

"மூண்டையுமோ?"

"மூண்டையும்."

அவள் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள். கொஞ்ச நேரம் வரவில்லை. அடுப்புக்குள் ஒரு கொப்பி மட்டையின் சிவப்பு மூலை எரியாமல் கிடந்ததைப் பிறகுதான் கண்டேன். அவள் திரும்பி வந்து, "ஓம் அன்ரி, இந்த வீட்டில கறையான் கூடத்தான்" என்றாள். கம்பஸிலும் அப்படியே சொன்னாள்.

ஒரு கிழமைக்குப் பிறகு புதுக் கொப்பி ஒன்று என் மேசையில் நாள் முழுக்கக் கிடந்தது. முதற் பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிதாக எழுதியிருந்தாள். தமிழில் இப்படி: 'மேகத் துகள்களின் கணக்கு.' கீழே சிறிய எழுத்தில்: 'அன்ரி, இனிப் பயமில்லை.' உள்ளே தலைப்புகள் முன்போலவே தமிழில் இருந்தன. வாசித்தேன், மூடி வைத்தேன்.

வெளிநாடு போகும் நாளில் அந்தக் கொப்பியை என் கையில் தந்தாள். "வைச்சிருங்கோ அன்ரி. கறையான் கவனம்." சிரித்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கவனமாப் போட்டு வா பிள்ளை" என்றுதான் வாயில் வந்தது.

"ஒரு படியில பிழைச்சா, அந்தப் படிக்குத் திரும்பிப் போகாமல் விடை வராது" என்பாள் யோகா, கணக்கை அழித்து எழுதும்போது. அந்தப் படிக்குத்தான் இப்போது வந்திருக்கிறேன். அவளை அறிந்தவர்களே, கறையான் இல்லை. எரித்தது நான். அது தெரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்காதவள் அவள்.

இரங்கல் கூட்டம் முடிந்து இரண்டாம் நாள், இத்தனை வருடத்துக்குப் பிறகும், ஆமிக்காரர் மறுபடி சோதனைக்கு வந்தார்கள். ஒருவன் அலுமாரியிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்தான். என் கால் அடுப்படிப் பக்கம் திரும்பியது, நிறுத்திக்கொண்டேன். அவன் சிங்கள வரியை வாசித்தான். "வலாகுளு?" மேகமா என்று ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பிறகு, "நோனாகேத?" உங்களுடையதா என்று கேட்டான்.

"ஓவ்" என்றேன். "மகே." என்னுடையதுதான்.

கொப்பி அவன் திரும்ப வைத்த இடத்திலேயே இருக்கிறது, அலுமாரியின் முன்தட்டில்.