முப்பது நாளுக்கு மேல் பழையது

சும்மா இருக்க எனக்குத் தெரியாது. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி, ஸ்கேன், லெமினேட்டிங் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஆள் வராத ஐந்து நிமிடத்தில்கூட விரல் நமநமக்கும். வருகிறவர்களின் பென் டிரைவிலிருந்து வைரஸ் வந்து வந்து அலுத்துப்போய்க் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஒரு பைத்தியமே பிடித்துக்கொண்டது. ஒரே வேலையை இரண்டு தடவை கையால் செய்தால், மூன்றாம் தடவை கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ள நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவேன். கோணலான ஸ்கேனை நிமிர்த்த ஒன்று, பாஸ்போர்ட் போட்டோவை எட்டாக அடுக்க ஒன்று, டிஸ்க் நிரம்பினால் சத்தம் போட ஒன்று.

அவற்றில் நான் ரொம்பப் பெருமைப்பட்டது துப்புரவு ஸ்கிரிப்ட். ஊரார் அடையாள அட்டைகள் என்னிடம் கிடக்கக் கூடாதல்லவா? கால் மணிக்கு ஒருமுறை தானாக ஓடி, ஸ்கேன் ஃபோல்டரில் முப்பது நாளுக்கு மேல் பழையதையெல்லாம் அழித்துவிடும்.

கம்ப்யூட்டருக்குள்ளே சில்லறைக் காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது தேதியை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். என்னுடையது செத்து ஆறேழு மாதம். எதிர்க் கடையிலேயே கிடைக்கும் சாமான். ஆனால் மூடியைக் கழற்றி மாற்ற நான் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே! அதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இன்டர்நெட் வந்ததும் தேதியை அது சரிசெய்துகொள்ளும். அதுவரை கம்ப்யூட்டர் பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் நிற்கும். யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழும்பிவிட்டது, இன்டர்நெட் இன்னும் வரவில்லை. அப்போதுதான் ஓர் அக்கா வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பது வயது தாண்டியும் அவருடைய பிறப்பு பதியப்படவில்லை. அன்று இரண்டு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரணை. செத்துப்போன அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் நம்பர் தெளிவாக இருந்தால் பழைய பதிவேட்டில் தேடுவார்கள். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. இப்படி மூன்று வருடமாக நடக்கிறாராம்.

சான்றிதழ் எட்டுத் துண்டாக இருந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பொருத்தி, பிய்ந்த இடத்தில் டேப் ஒட்டி ஸ்கேன் எடுத்தேன். படம் அருமையாக வந்தது. திரும்ப எடுக்கும்போது, நம்பர் இருந்த மூலை அவர் விரலிலேயே அப்பளமாக நொறுங்கிப் போனது. "அதான் படம் இருக்குதே நானா," என்று, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டு, அவரே எனக்குத் தைரியம் சொன்னார். ப்ரின்டரில் வேறு யாருடையதோ நாற்பது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாங்க என்று அனுப்பினேன்.

அவர் திரும்பி வந்ததும் பார்த்தால், ஃபோல்டரில் படம் இல்லை. காலையில் எடுத்த ஒன்றுமே இல்லை.

என் ஸ்கிரிப்டுகள் செய்வதையெல்லாம் குறித்துவைக்கும் ஃபைலைத் திறந்தேன். படம் பழைய தேதியில் பதிந்திருக்கிறது. இன்டர்நெட் வந்து தேதி சரியாகியிருக்கிறது. அடுத்த கால் மணியில் துப்புரவு ஸ்கிரிப்ட், பன்னிரண்டு வருடப் பழையது என்று அதை அழித்திருக்கிறது. இரண்டு ஸ்கிரிப்டையும் எழுதியவன் நான்தான்.

"கரண்ட் போனதுல கம்ப்யூட்டர் கொழம்பிருச்சு அக்கா," என்றேன். அவர் சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

அழிந்த ஃபைல் உடனே போய்விடாது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை டிஸ்க்கில் கிடக்கும். ஆகவே முதல் காரியம், எதையும் தொடக் கூடாது. இது எனக்கா! ஐந்து கட்டளைகள் விரல் நுனியில் துடித்தன. கையை உதறிக்கொண்டு கரண்ட் வயரைப் பிடுங்கினேன். பிறகு பென் டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸில் எழுப்பி, மீட்கும் நிரலை ஓடவிட்டு, வருவதையெல்லாம் தனி டிஸ்க்குக்குத் திருப்பினேன்.

அதன்பின் செய்ய ஒன்றுமில்லை. திரையில் சதவீதம் மட்டும் ஊர்ந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன், சுத்தமான கண்ணாடியைத் துடைத்தேன், ஸ்டேப்லரை நிரப்பினேன், ரோட்டைப் பார்த்தேன். பள்ளிவாசலில் லுஹர் என்ற பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அவர் மடியில் சொப்பிங் பேக்கை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். யா அல்லாஹ், இதை மட்டும் தந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.

ஒன்றேகாலுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து விழுந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை. சுத்தமாக அழித்துவிட்டதாக நான் நினைத்த ஊரார் முகமெல்லாம் அங்கேதான் இருந்தது. வெட்கமாக இருந்தது. பெரிய படங்களை மட்டும் பிரிக்க இரண்டு வரி எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் மிஞ்சியது. ஒவ்வொன்றாகத் தள்ளினேன். என் அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்.

"நில்லுங்க நானா. பின்னுக்குப் போங்க. அந்த டேப்பு."

அதேதான். மூலையும் இருந்தது, நம்பரும் இருந்தது. நாலு கொப்பி அடித்துக் கொடுத்தேன்.

அவர் புறப்படுவதற்குள் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "அக்கா, கரண்டு மேல பழிய போட்டுட்டேன். நான் எழுதி வச்சதுதான் அழிச்சுச்சு. என்னோட பிழை."

"தெரியும் நானா. காலைல கரண்டு போய் வந்தத நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. எதையோ தொறந்து படிச்சப்பதான் ஒங்க மொகம் வேர்த்துச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. மேசையில் கிடந்த என் பேனையை எடுத்தார். நாலு கொப்பியும் கையில் இருக்க, கொழுந்து பறித்துக் கறுத்த இடது உள்ளங்கையில் அந்த நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை சரிபார்த்து, பேனையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு நடந்தார்.