சிலுவையம்மாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்திகள்

கரோலினின் பேய்கள் ஒருநாளும் பங்களாவில் குடியிருந்ததில்லை. ராயபுரத்தில் பங்களாவுக்கு எங்கே போவது? ஒரு பேய் காலிக் கண்டெய்னருக்குள் இருந்தது. ஒன்று ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் இருந்தது. இன்னொன்று எண்ணூர் பக்கம் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, தூங்கும் டிரைவரின் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. முதலில் இடம் பயமுறுத்த வேண்டும், பேய் பிறகு வந்தால் போதும் என்பது அவள் கட்சி.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. உள்ளே வரும் லாரிக்கும் வெளியே போகும் லாரிக்கும் சீட்டு போட்டுக் கொடுப்பாள். காலையும் மாலையும் ரயிலில் செல்போனிலேயே கதை எழுதுவாள். எழுதியதைப் பெண்கள் பெட்டியில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். கேட்டுக்கொண்டிருப்பவள் தன்னை அறியாமல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்த அத்தியாயம் தேறிவிட்டது. பார்க்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள். இப்படி அழித்து அழித்து எழுதியவைதான் 'செவிநிழல்' என்ற கதை கேட்கும் செயலியில் வாராவாரம் ஒலித்தன.

அவளுடைய முதல் ரசிகை ராமசெல்வி. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ராமசெல்வியின் அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்தவர். மகள் அந்தக் கடையின் மாடியில், வெல்ல மூட்டை வாசனைக்கு நடுவே, மறைஞானப் புத்தகங்களாக வாங்கி அடுக்கினாள். இறந்தவர்கள் எங்கும் போவதில்லை, நினைப்பாக மாறி நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள் என்பாள். நாலு பேர் சேர்ந்து ஒன்றைத் தீவிரமாக நினைத்தால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பாள். கரோலின் சிரிப்பாள். அது கேட்க நன்றாக இருக்கிறது, கதைக்கு உதவாது என்று நினைப்பாள்.

ஆனால் ராமசெல்வியும் எழுத ஆரம்பித்தாள். ஆரம்பித்த வேகத்திலேயே மேலே போனாள். ஒரு பேட்டியில் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கண்ணை மூடித் திறந்து, "நான் எங்க எழுதுதேன்? அது வருது. நான் கைய மட்டும் குடுக்கேன்" என்றாள்.

அந்தப் பேட்டியைக் கரோலின் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'கரோலின் மேடம் கதை சூப்பர். ராமசெல்வி அக்கா கதை நிஜம்.'

அந்த ஒரு வரி மிளகாய் அரைத்த கையைப் போல எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சூப்பராம்! சமோசாவைச் சொல்வதுபோல.

"இன்னாமே, ரெண்டு நாளா மூஞ்சி உர்ருன்னு கீது?" என்றான் கணவன் டெரிக். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன்.

"ஒன்னுமில்ல."

"உன் பேய் உன்னாண்ட பேசலியா? உன் தோஸ்தோட பேய் மட்டும் நல்லா பேசுதாமே. எங்க கிரேன் பசங்க அத்தனை பேரும் அத்தத்தான் கேட்டுகினு கீறானுங்க."

கரோலின் அன்றைக்கு மீன் குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை.

ராமசெல்வியின் புதுத் தொடரை அவள் ரயிலில்தான் கேட்டாள். காசிமேட்டுக் கடல் சுவரில் கப்பலுக்காகக் காத்திருந்து செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவி. முதல் அத்தியாயம் முடியும்போது அந்த ஆவி தன் பெயரைச் சொன்னது: சிலுவையம்மாள்.

கரோலின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள்.

சிலுவையம்மாள் அவளுடைய அத்தை. அப்பாவின் அக்கா. பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனவள். இரண்டு வருடம் முன்பு கல்லறைத் திருநாளுக்குப் பூப்பையைத் தூக்கிக்கொண்டு ராமசெல்வியும் கூட வந்திருந்தாள். கல்லில் இருந்த பெயரை விரலால் தடவி, "இது யாருட்டி?" என்று கேட்டாள். "அத்தை. காமாலை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, கரோலின் அம்மாவின் கல்லறைக்கு நகர்ந்துவிட்டாள்.

ஆக, 'அது' வந்த இடம் இதுதான். ஆவி சொல்லவில்லை, கல் சொல்லியிருக்கிறது. கரோலினுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. திருட்டு கையில் சிக்கிவிட்டது. அதற்குப் பின்னால் வந்ததுதான் அவளைத் தூங்கவிடவில்லை. வருடா வருடம் அந்தக் கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவியவள் அவள். அதில் ஒரு கதை இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லையே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காமாலை. ஒரே ஒரு நாள் வந்து பார்த்தவளுக்குக் கடலும் கப்பலும் தெரிந்திருக்கிறது.

செவிநிழல்காரர்கள் சிலுவையம்மாள் தொடரை ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு நூலாகப் போடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வருடத்தில் ஒரே ஒரு தொடரைத்தான் அவர்கள் நூலாக்குவார்கள். அது தன்னுடையதாக இருக்கும் என்று கரோலின் சென்ற வருடமே அட்டைப்படம்வரை நினைத்து வைத்திருந்தாள். ராமசெல்வியின் ரசிகர்கள் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல்லையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆவி இருந்ததற்கு அதுவே சாட்சி என்று படம் எடுத்துப் போட்டார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் அங்கே கூடுவதாகப் பேச்சு.

நானும் வருகிறேன், என்று கரோலின் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அத்தனை பேருக்கும் முன்னால் ஒரே வார்த்தை. காமாலை. அதோடு நூலும் போச்சு, ஆவியும் போச்சு.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை கல்லறைத் தோட்டம் திருவிழாபோல இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை, சாமந்தி, சாம்பிராணி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தியோடு அத்தையின் கல்லறைக்கு வந்த கரோலின் அப்படியே நின்றுவிட்டாள்.

கல்லே தெரியவில்லை. அவ்வளவு மெழுகுவர்த்திகள். யாரோ புது வெள்ளை அடித்து, எழுத்துக்குக் கறுப்புப் பெயின்ட் கொடுத்திருந்தார்கள். மோட்சம் போகக் காத்து உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு ஒரு வெளிச்சமும் ஒரு ஜெபமும் போதும் என்று அப்பா சொல்வார். இங்கே ஒரு தெருவுக்கே போதுமான வெளிச்சம் இருந்தது. கதையில் வரும் ஒருத்திக்காகக் கொண்டுவந்ததெல்லாம் அத்தையின் தலைமாட்டில் எரிந்தது. கரோலின் எழுதிய எந்தப் பேய்க்கும் யாரும் ஒரு தீக்குச்சிகூடக் கிழித்ததில்லை.

"ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க, சிலுவை அக்காவ வீடியோ எடுக்கிறோம்" என்றான் செல்போனோடு நின்ற ஒரு பையன்.

"டேய் மொஹ்சின், அவங்களும் ஃபேன்டா" என்றாள் அவனோடு வந்திருந்த கல்லூரிப் பெண்.

"நான் ஃபேன் இல்லமா. இவங்க எங்க அத்தை" என்றாள் கரோலின்.

சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, நெஜமாவா? நான் சுஜா ஆன்ட்டி. சொல்லுங்க ஆன்ட்டி, அவங்க எப்டி செத்தாங்க? கப்பலுக்குக் காத்துகினு இருந்தாங்களா?"

காமாலை என்று சொல்ல வாயைத் திறந்தாள் கரோலின்.

"கடல் சுவர் வரைக்கும் அவங்களால போகவே முடியல" என்றது அவள் வாய். "படுத்த படுக்கை. கடல் காத்து ஆவாதுன்னு ஜன்னலை ஆணி அடிச்சி மூடிட்டாங்க. கப்பல் ஊதுற சத்தம் கேக்காம அவங்களுக்குத் தூக்கம் வராது. எங்க அப்பா அப்ப சின்னப் பையன். காலி பாட்டில் ஒன்ன எடுத்துகினு வந்து, வாயி வெச்சி, கப்பல் மாதிரி ஊதுவாரு. அந்த சத்தத்தக் கேட்டுகினே தூங்குவாங்க. அவங்க போன அன்னிக்கி அப்பா பாட்டில ஜன்னல் மேல வெச்சிட்டாரு, அதுக்கப்புறம் ஊதவே இல்ல. ஆனா காத்தே இல்லாத நாள்ல, இலைகூட ஆடாத நாள்ல, அந்த பாட்டில் ஊதும்."

அப்பா இப்படி எதுவும் சொன்னதில்லை. இதில் ஒரு வார்த்தையைக்கூடக் கரோலின் ரயிலில் யோசித்ததில்லை, அழித்ததில்லை, வாசித்துப் பார்த்ததில்லை.

மொஹ்சின் செல்போனைத் தாழ்த்திவிட்டான். சுஜா மெல்லப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கரோலினும் திரும்பிப் பார்த்தாள்.

பூப்பையோடு ராமசெல்வி நின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் அவளைப் பார்த்துக் கூவியது. அவள் எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு, கரோலினின் முழங்கையைப் பிடித்து ஒரு வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனாள்.

"ஏட்டி, அந்த பாட்டில் சங்கதிய உங்க அப்பாவா சொன்னாவ?"

"இல்ல."

"பின்ன எப்ப யோசிச்ச?"

"யோசிக்கல. வாயத் தொறந்தேன், வந்திச்சு."

ராமசெல்வியின் முகம் மாறியதைக் கரோலின் பார்த்தாள். உதடு இறுகி, கண் மட்டும் சிரிக்க முயலும் முகம். அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக அவளும் அதே முகத்தை வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறுகிறாள்.

"எனக்கு ஒரு தடவகூட அப்பிடி வந்ததில்லட்டி" என்றாள் ராமசெல்வி, தரையைப் பார்த்து. "கல்லுல பேரப் பாத்தேன். மத்ததெல்லாம் மாடியில உக்காந்து அடிச்சு அடிச்சு எழுதுனதுதான். உன்னய மாதிரியே."

"அப்ப பேட்டில கண்ண மூடுனியே?"

"தூக்கக் கலக்கம்" என்றாள் ராமசெல்வி.

கரோலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் காத்திருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் மொஹ்சின் செல்போனோடு ஓடி வருவான். மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் நாளைக்கு அத்தை மறுபடியும் காமாலைக்காரியாகிவிடுவாள். அடுத்த வருடம் அந்தக் கல்லில் ஒரே ஒரு பாக்கெட்தான் எரியும்.

"ஏட்டி கரோ" என்றாள் ராமசெல்வி, குரலைத் தாழ்த்தி. "நூலுக்குக் கடைசி அத்தியாயம் அமையவே மாட்டேங்குது. அந்த பாட்டில எனக்குத் தாயேன்."

"தர மாட்டேன்."

"உன் பேரையும் போடச் சொல்லுதேன்."

"பேரு உன்னுதாவே இருக்கட்டும். நான் எதுவும் சொல்ல மாட்டேன். பாட்டில் என்னுது." தன் பாக்கெட்டைப் பிரித்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து அவள் கையில் திணித்தாள். "மொதல்ல எங்க அத்தைக்கு இத்த ஏத்து. இவ்ளோ நாள் அவங்கள வெச்சி எழுதிகினு, ஒன்னாவது ஏத்துனியா?"

ராமசெல்வி ஏற்றினாள். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் தடவை கரோலின்தான் கையைக் குவித்து மறைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுக்களையில் ஒரு காலி பாட்டிலைத் தேடிக் கழுவினாள். அது அப்பா விட்டுப்போன வீடு. அத்தை படுத்திருந்த அறையில்தான் இப்போது துணி காயப்போடுகிறார்கள். அந்த ஜன்னலில் ஆணி அடித்த தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். சட்டத்தில் நிறையத் தடங்கள் இருந்தன, கொசுவலைக்கு டெரிக் அடித்தவையாகவும் இருக்கலாம். பாட்டிலை ஜன்னல் மேல் வைத்தாள். கடல் காற்றில் அது உடனே மெல்ல ஊதியது.

"இன்னாமே இது?" என்றான் டெரிக், வாசலில் நின்று.

"சும்மா இரு. இது வெறும் காத்து."

"பின்ன, காத்து நின்னா ஊதாதா?"

கரோலின் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, காற்று நிற்பதற்காகக் காத்திருந்தாள்.