பின்னறையில் ஜிபெக்

எங்கள் அத்பாஷி ஊர்ப் பள்ளிக்கூடத்தின் படிகளைத் தினமும் கழுவுகிறவள் புருல்சா. அவளுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரி என்பதால், அவளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் இங்கே யாரும் கிடையாது. சரியான வாயாடி. சந்தையில் கம்பளி வியாபாரிகள் அவளைக் கண்டாலே விலையைக் குறைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அப்பேர்ப்பட்டவள், மகள் பேச்சு வந்தால் மட்டும் ஊமையாகிவிடுவாள். ஜிபெக்குக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் விளங்காது. ஊரார் பிள்ளைகள் ஏறுகிற படியைக் கழுவுகிறவள், தன் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டுபோனதே இல்லை. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான்.

ஒருநாள் வானொலியில் நரின் நகரத்து வக்கீல் எல்நூரா பேசினாள். தொண்டு நிறுவனம் ஒன்றில் ஏழைகளுக்காகக் கட்டணம் வாங்காமல் வாதாடுகிறவள். நடக்க முடியாத பிள்ளையையும் பக்கத்துப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும், அது சட்டம் என்றாள். புருல்சா யாருக்கும் தெரியாமல் அவளுக்குப் போன் செய்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்நூரா நேராகத் தலைமையாசிரியர் தொலோனிடம் போய் நின்றாள்.

"வாசல் பூராவும் படியா இருக்கும்மா, நான் என்ன பண்ணட்டும்?"

"சட்டம் படியைக் கேக்கல சார், பிள்ளையைத்தான் கேக்குது."

தொலோன் முனகிக்கொண்டே இறங்கி வந்தார். படியோரம் சாய்தளம் கட்டவும் சக்கர நாற்காலிக்கும் பணம் தர ஓர் அறக்கட்டளை முன்வந்தது. ஆனால் பிள்ளையை அவர்கள் நேரில் பார்க்கவேண்டும். பார்க்க முடியாவிட்டால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. விருந்தாளி என்றதும் புருல்சா ஆட்டை அறுத்தாள். விரிப்பு விரித்தாள். வாசலுக்கு நேர் எதிரே, மரியாதைக்குரிய இடத்தில் மெத்தை போட்டாள். வழக்கம்போல மகளைப் பின்னறையில் உட்காரவைத்துக் கதவையும் சாத்தினாள். யாரைப் பார்க்க வருகிறார்களோ, அவளையே!

எல்நூராவும் தொலோனும் அறக்கட்டளைப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒத்தாசைக்கு நானும் போயிருந்தேன். மூத்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாகப் பெரியவர் முன்னால் ஆட்டுத்தலையை வைத்தோம்.

"பாப்பா எங்கம்மா?" என்றார் அவர்.

"அவ... நரினுக்குப் போயிருக்கா. சித்தி வீட்டுக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்ன பதற்றத்தில் அவள் பெரியவரின் கோப்பையை விளிம்புவரை தேநீரால் நிரப்பிவிட்டாள். நாங்கள் அரைக் கோப்பைதான் ஊற்றுவோம். நிரப்பினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"என்னக்கா, எங்களைத் துரத்துறீங்களா?" என்று எல்நூரா சிரித்தாள்.

தொலோன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? வராத பிள்ளைக்குச் சாய்தளம் எதுக்கு?"

பெரியவரும் எழுந்துவிட்டார். எல்நூராவுக்கு என்ன தோன்றியதோ, சாத்திய கதவைப் பார்த்து, "ஜிபெக்! ஜிபெக் கண்ணு!" என்று கூப்பிட்டாள். உள்ளே சத்தமே இல்லை. புருல்சா தலையைக் குனிந்து விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடி பாவி, நீதானடி இவங்களைக் கூப்பிட்டே! அவங்க கிளம்புறாங்க, கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

புருல்சா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஜிபெக் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அக்கா கூப்பிட்டாங்கல்ல? ஏன்டி பேசல?"

"விருந்தாளி இருக்காங்களேம்மா. நான் சத்தம் போட்டா உனக்கு அசிங்கம்ல?"

புருல்சா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் அவமானமாக இருந்தது. தொலோன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

பிறகு புருல்சா மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள். கதவைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது ஜிபெக் அவள் காதோடு கிசுகிசுத்தது எங்கள் எல்லோருக்குமே கேட்டது.

"அம்மா, மூஞ்சியை மூடிக்கட்டுமா?"