மருந்துச் சூடு

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் எங்கள் ஷெட்டில் நான்கு பெண்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து திரி வைத்தவள் மாரிக்கனி. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, 2006 சீசனில்தான் அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது.

காலை எட்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும். கம்பெனிக்குப் பின்னால் கருவேலங்காடு. முன்னால் போனவர்களுடையதை மிதிக்காமல் உட்கார இடம் கிடையாது. லோடு ஏற்ற வரும் ஆண்கள் லாரி மேல் நின்று பல்லைக் காட்டுவார்கள். தூ! கக்கூஸ் இல்லாமல் இல்லை. கட்டி, வெள்ளையடித்து, 'பெண்கள்' என்று எழுதி, பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே லேபிள் கட்டுகள்.

ஆறாம் மாதம் மாரிக்கனிக்கு நீர்க்கடுப்பு வந்தது. வெடிமருந்தில் கை வைக்கிற எங்களுக்கு எந்த நோவு வந்தாலும் ஒரே பெயர்தான், மருந்துச் சூடு.

"தொப்புள்ல வெளக்கெண்ணெயத் தடவி மோரக் குடி. இதுக்குப் போயி ஆஸ்பத்திரிக்கு எதுக்கு லீவு போடுற?" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஏழாம் மாதம் ஆபீசர் சோதனைக்கு வந்தார். அன்று காலை லேபிள் கட்டுகளை வெளியே தூக்கிப் போட்டு, கக்கூஸைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்த மாரிக்கனி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரேயொரு தடவ போயிட்டு வந்துர்றேன்."

போர்மேன் கருத்தப்பாண்டி முகத்தைச் சுளித்தான். "ஆபீசர் பாத்துட்டுப் போகட்டும்த்தா. இப்பத்தான் கழுவியிருக்கு. அசிங்கமாயிரும்."

ஆபீசர் எட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். அடுத்த நிமிஷமே கருத்தப்பாண்டி பூட்டிவிட்டான். அசிங்கமாம்! அவன் மூஞ்சியை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

மறுநாள் காலையிலேயே அவளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

"மூத்திரத்துல கிருமி. அதுலதான் வலி முன்கூட்டியே வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "அப்பவே வந்திருந்தா ஒரு வாரம் மாத்திரை போதும். ஏன் வரல?"

"சூடுன்னு நெனச்சோம்" என்றாள் மாரிக்கனி.

"யாரு சொன்னது சூடுன்னு?"

நான் கட்டிலோரம்தான் நின்றிருந்தேன். கருத்தப்பாண்டியைப் பார்த்து வந்த குமட்டல் அப்போது என் மேலேயே வந்தது. மாரிக்கனி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக, டாக்டரம்மா."